மேடைப் பாட்டு தீண்டாப் பாட்டா?

"கச்சேரிக்கு ஏற்றது அன்று!"

மூன்றே சொற்கள். வாளில்லை, வழக்கில்லை, சட்டமில்லை. எனினும் ஒரு தலைமுறையின் இசையை மன்றத்துக்கு வெளியே நிறுத்தி வைக்க இந்த மூன்று சொற்களே போதுமானவையாக இருந்தன. யார் விதித்த தீர்ப்பு இது? எந்த இசை இலக்கணம் இதற்குச் சான்று? கேட்டுப் பாருங்கள், தோழர்களே! விடை வராது. இதழோரத்தில் ஓர் ஏளனச் சிரிப்பு வரும். அதன் பின்னே, "அது நாடகக்காரன் பாட்டு" என்றொரு முணுமுணுப்பு வரும்.

யார் அந்த நாடகக்காரர்? 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று நாடக உலகம் இன்றளவும் போற்றும் புலவர். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி', 'அபிமன்யு சுந்தரி' என நாடகம் நாடகமாகப் பாட்டெழுதிக் குவித்தவர். வெண்பா வேண்டுமா, விருத்தம் வேண்டுமா, கீர்த்தனை வேண்டுமா, சிந்தும் கும்மியும் தெம்மாங்கும் வேண்டுமா, அன்று ஊரை மயக்கிய பார்சி மெட்டு வேண்டுமா? அத்தனையும் அவரிடம் உண்டு. 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில், பாட்டும் உரையுமாக, அடித்தல் திருத்தல் இன்றி எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் டி.கே. சண்முகம் எழுதி வைத்திருக்கிறார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவி, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குத் தமிழும் இசையும் நடிப்பும் ஒருங்கே பயிற்றினார். எந்தக் கல்லூரியும் அன்று அந்தப் பிள்ளைகளை வாசற்படி ஏற்றியிராது. அவர் ஏற்றினார்!

அந்தப் பாட்டுகள் மக்களிடம் சென்ற வேகத்தை என்னென்பது! எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையேறினால் ஊரே கொட்டகைக்குள் இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம், கடைசி வரிசைத் தரையில் குந்தியிருந்த கூலிக்காரனின் காதுக்கும் இராகம் எட்டியாக வேண்டும், எட்டிற்று! 1933இல், தம் இருபத்தேழாம் வயதில் கிட்டப்பா மறைந்தார். இசைத்தட்டில் அவர் குரல் இன்றும் இருக்கிறது. அதைக் கேட்டபின், "இதில் இராகம் இல்லை, தாளம் இல்லை" என்று சொல்லத் துணிபவர் எவரேனும் உண்டோ?

இல்லை. ஆகவேதான் இசையைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். மேடையில் பிறந்த பாட்டாம், ஆகவே மன்றத்துக்கு ஆகாதாம். சரி, அந்த வாதத்தையே எடுத்துக் கொள்வோம். அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய நூலின் பெயர் என்ன? 'இராம நாடகக் கீர்த்தனை'. பெயரிலேயே நாடகம் இருக்கிறது! அதன் பாடல்களுக்கு அரியக்குடி இராமானுச ஐயங்கார் மெட்டமைத்தார். மன்றங்கள் மகிழ்ந்து தலையாட்டின. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரமோ கதை சொல்வதற்காகப் பிறந்த பாட்டு. அதுவும் கச்சேரியில் களிநடம் புரிகிறது. 18ஆம் நூற்றாண்டு நாடகப் பாட்டு கச்சேரிக்கு ஏற்றது, 20ஆம் நூற்றாண்டு நாடகப் பாட்டு ஏலாதது! இது இசை இலக்கணமா? கொட்டகையின் புழுதி காலில் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் வாயிற்காவலன் கணக்கு அன்றோ இது!

அந்தப் புழுதிக்குப் பெயரும் வைத்தார்கள்: கூத்தாடி! கலைஞனைக் குறித்த சொல், வசைச் சொல்லாயிற்று. அவன் வாத்தியத்தையும் விடவில்லை. நாடக மேடையின் உயிர்நாடி ஆர்மோனியம். 1940இல் அகில இந்திய வானொலி அந்த ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது; 1971 வரை தடை தளரவில்லை. கமகம் பேசாத கருவி என்பது அவர்கள் காட்டிய காரணம். மேலைநாட்டு வயலினைத் தோளிலிருந்து இறக்கி, மடியில் சாய்த்து, நம் கமகத்தைப் பேச வைத்தவர்கள், ஆர்மோனியத்துக்கு மட்டும் கதவடைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வானொலிப் பெட்டிக்கும் நாடகக் கொட்டகைக்கும் இடையே ஒரு சுவர்!

தமிழிசைப் போர் நடந்ததே, அது இந்தச் சுவரை இடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம், 1952இல் ராஜா அண்ணாமலை மன்றம் என வரிசையாக வெற்றி கண்டோம். 1946இல் திருவையாற்றில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதற்குத் தீட்டு என்ற பேச்சு எழுந்தபோது, தமிழகம் பொங்கி எழுந்ததையும் அறிவோம். மொழிக்குக் கதவு திறந்தது, மறுக்கவில்லை. ஆனால் திறந்த கதவின் வழியே யார் உள்ளே சென்றனர்? தேவாரம் சென்றது, திருப்புகழ் சென்றது, பக்திக் கீர்த்தனைகள் சென்றன. சங்கரதாசர் வாயிற்படியிலேயே நின்றார். தேசியப் பாட்டெழுதி மேடைதோறும் கனல் மூட்டிய மதுரை பாஸ்கரதாசும் அவர் அருகே நின்றார். தமிழ் என்று கேட்டோம், கொடுத்தார்கள். தமிழர் அனைவருக்கும் என்று கேட்க மறந்தோம்.

இந்தச் சுவர் நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. சங்கரதாசரின் சமகாலத்தவர் ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். பெயர் ஸ்காட் ஜாப்ளின், கறுப்பர், அடிமையாய் இருந்து விடுதலை பெற்றவரின் மகன். சாராயக் கடைப் பாட்டு என்று கனவான்கள் முகம் சுளித்த 'ராக்டைம்' இசையை வளர்த்தவர். அவர் 'ட்ரீமோனிஷா' என்றோர் இசை நாடகம் இயற்றினார். கதை என்ன தெரியுமா? கல்வி கற்ற ஒரு கறுப்பினப் பெண், மந்திரம் தாயத்து என்று மக்களை ஏய்க்கும் கூட்டத்தை எதிர்த்து நின்று, தன் மக்களுக்கே தலைவியாகிறாள்! பகுத்தறிவு நாடகம்! 1911இல் தம் கைப்பொருளைச் செலவிட்டு அதை அச்சிட்டார். அரங்கம் கொடுப்பார் இல்லை. 1915இல் நியூயார்க்கின் ஹார்லெமில், உடையின்றி, காட்சித் திரையின்றி, வாத்தியக் குழுவின்றி, தாமே பியானோ வாசித்து ஒருமுறை அரங்கேற்றிப் பார்த்தார். 1917இல் மாண்டார். நாடகம் முழுமையாக மேடையேறியது எப்போது? 1972இல்! 1976இல் புலிட்சர் சிறப்பு விருது வந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. அறுபது ஆண்டு கழித்தேனும் அமெரிக்கா தன் தவற்றுக்கு ஓரளவு ஈடு செய்தது. சங்கரதாசர் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. நாம் என்ன செய்தோம்?

"பகுத்தறிவு பேசும் நீங்களா புராண நாடகத்துக்குப் பரிந்து பேசுவது?" என்று மடக்குவோர் இருப்பர். நேர்மையான கேள்வி, நேராகவே விடை சொல்வோம். முருகன் வேடனாக வந்ததை நாம் நம்பவில்லை. எமன் கயிற்றையும் நம்பவில்லை. கணவனுக்காகவே பெண் வாழ வேண்டும் என்ற நீதியை ஏற்கவும் இல்லை. ஆனால், கதையைத் தள்ளுவது வேறு, கலைஞனைத் தள்ளுவது வேறு. கச்சேரி மேடையில் நாள்தோறும் ஒலிப்பது என்ன, அறிவியலா? அங்கும் புராணந்தானே! புராணம் பாடியதற்காக ஒருவருக்குப் பொன்னாடை, அதே புராணம் பாடியதற்காக மற்றவருக்குப் புறக்கடை என்றால், தள்ளப்பட்டது புராணம் அன்று, ஆள். மேலும் ஒன்று. சங்கரதாசர் நாடகங்களின் உச்சம் எது? தர்க்கம்! வள்ளி நாரதரோடு வாதிடுகிறாள். சாவித்திரி எமனோடு வாதிடுகிறாள். பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல், ஒரு பெண் எதிர்நின்று ஏன் என்று கேட்கிறாள். ஊரே விழித்திருந்து அதைக் கேட்கிறது. அந்தக் கருவியைத்தான் நம் இயக்கத்து நாடகங்கள் கையில் எடுத்தன. கதையை மாற்றின, கேள்வியைக் கூர்மையாக்கின.

எண்ணூரின் நெட்டுக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் நமக்கு இந்த வழக்கில் என்ன அக்கறை? அக்கறை உண்டு, இதைவிட நெருக்கமான வழக்கு நமக்கு வேறில்லை. கொசத்தலை ஆறு கடலோடு கலக்கும் இந்தக் கரையில், ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் எண்ணெய். ஆனால் பாட்டுக்குப் பஞ்சம் இல்லை. வலை இழுக்கும் கைகளுக்குப் பாட்டு உண்டு. இழவு வீட்டில் விடிய விடியக் கானா உண்டு. இந்தப் பிள்ளைகள் தாளம் தப்புவதில்லை. அந்தப் பிள்ளையிடம் போய், "நீ பாடுவது பாட்டு அன்று" என்று சொல்கிறார்களே, அவர்கள் சங்கரதாசரிடம் சொன்னதும் அதுதான். அன்று கூத்தாடிப் பாட்டு. இன்று குப்பத்துப் பாட்டு. சொல் மாறிற்று, சுவர் மாறவில்லை.

2017இல் இதே எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று டி.எம். கிருஷ்ணா 'புறம்போக்குப் பாடல்' பாடினார். கபேர் வாசுகி எழுதிய பாட்டு; பேச்சுத் தமிழ்; இராகமாலிகை. உப்பங்கழியும் ஆலைச் சாம்பலும் கருநாடக இசைக்குள் நுழைந்தன. இசை ஒன்றும் இறந்துவிடவில்லை! அவருக்கே 2024இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருதை அறிவித்தபோது, அந்த விழாவில் பாடமாட்டோம் என்று இசைவாணர் சிலர் விலகினர். பெரியாரைப் போற்றினார் என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. அகாடமி பின்வாங்கவில்லை, அதைப் பாராட்டுகிறோம். ஆனால் அன்று விலகியவர்களைக் கண்டபோது தெரிந்தது, சுவர் இன்னும் நிற்கிறது என்று.

புறம்போக்கு என்பது என்ன சொல்? ஊருக்குப் பொதுவான நிலத்தின் பெயர். அதுவே வசையாயிற்று. மேடைப் பாட்டும் அப்படிப்பட்ட பொது நிலந்தான். பட்டா போட்டவர்கள் அதைப் பார்த்துப் பழித்தனர். உழுதவர்கள் வாய்திறவாது நின்றனர். இனி நிற்கலாகாது!

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடகம் ஆடும் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒத்திகை இன்றி, வெவ்வேறு ஊரிலிருந்து வந்து, ஒரே இரவில் ஒரே மேடையில் கூடி, சங்கரதாசரைப் பாடுகிறார்கள். பாட்டின் சொல் அச்சில் இருக்கிறது. பாடும் முறையோ அவர்கள் தொண்டையில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அதைப் பதிவு செய்யுங்கள், சுரப்படுத்துங்கள் என்று அரசு இசைக் கல்லூரிகளைக் கேட்போம். தமிழ் இசைச் சங்கம் தன் விழாவில் ஒரு மாலையைச் சங்கரதாசருக்கும் பாஸ்கரதாசருக்கும் ஒதுக்கட்டும் என்று கேட்போம். பள்ளி ஆண்டுவிழாவில் குப்பத்துப் பிள்ளையின் கானாவும் கச்சேரிப் பிள்ளையின் கீர்த்தனையும் ஒரே மேடையில் அடுத்தடுத்து ஒலிக்கட்டும். இதற்கு எவர் அனுமதியும் வேண்டா, ஆசிரியத் தோழர்களே, நாமே செய்யலாம்!

"கச்சேரிக்கு ஏற்றது அன்று" என்று இனி எவரேனும் சொன்னால், தலைகுனியாதீர்கள். வள்ளியைப் போல் எதிர்நின்று கேளுங்கள்: ஏன்?