பெட்டிக்குள் ஏன் சிதம்பர ரகசியம்?

சிதம்பரத்தில் திரைக்குப் பின்னால் ரகசியம் இருக்கலாம். அது பக்தர்கள் விஷயம், நாம் தலையிடோம். ஆனால் கடலூர்–சிதம்பரம் சாலையிலுள்ள சிப்காட் ஆலைகளில் சரக்கேற்றி முத்திரை வைக்கும் கண்டெய்னருக்குள்ளும் ரகசியம் இருக்க நியாயமில்லை.

நம் ரயில்வே 1966-ல் கண்டெய்னர் போக்குவரத்தைத் தொடங்கிற்று. 1988-ல் அதற்கெனத் தனிக் கழகமே ஏற்பட்டது. ஏற்றும் ஊரில் லாரியில் புறப்படும் பெட்டி, வழியில் ரயிலேறி, எங்கோ டில்லியில் துக்ளகாபாத்தில் திறக்கப்படலாம். வேகனில் அதன் மூலைகளைப் பூட்டுகிறார்கள். அந்தப் பூட்டு பெட்டியைப் பிடிக்குமேயன்றி, உள்ளேயுள்ள பீப்பாயைப் பிடிக்காது.

சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனமும், சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும், ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதாரக் கமிஷனும் 2014-ல் அங்கீகரித்த விதித் தொகுப்பு ஒரு கணக்குச் சொல்கிறது. ரயிலில் 10 டன் சரக்கு, முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் 5 டன் விசையோடு நகர முயலும் என்று கொள்ளவேண்டும். வேகன் இடிபடும் கண்ணிமைப் பொழுதில் 10 டன்னையுமே எதிர்பார்க்கவேண்டும். பண்ருட்டி முந்திரி டின்களானால் நசுங்கும், நஷ்டத்தோடு போயிற்று. ரசாயனப் பீப்பாய்களானால்?

பரிகாரம் பிரமாதமான வித்தையன்று. பளுவானதை அடியில் வைத்து, எடையைத் தளமெங்கும் பரப்புக. இடைவெளிகளைக் கட்டைகளாலோ காற்றுப் பைகளாலோ அடைத்து, பட்டையால் இறுகக் கட்டுக. கட்டை உலர்ந்ததாயிருக்கட்டும், பச்சை மரத்தின் ஈரம் இரவில் கூரையில் வியர்த்துச் சரக்கின் மேலேயே சொட்டும். முக்கியமாக, கதவோரத்துச் சரக்குக்குத் தடுப்பு வேண்டும். இல்லையேல் கதவைத் திறக்கும் கூலியாளின் மார்பின் மேல்தான் அது விழும்.

ரயில்வேயார் பார்த்துக்கொள்வார்கள் என்று சமாதானம் சொல்லும் கனவான்கள் 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 65-ஆம் பிரிவைப் படிப்பார்களாக. முழு வேகன் சரக்கின் எடையையோ உருப்படிகளையோ ரயில்வே ஊழியர் சரிபார்க்கவில்லையென்று ரசீதில் குறித்துவிட்டால், அவற்றை நிரூபிக்கும் பாரம் அனுப்பியவர் அல்லது பெறுபவர் தலையில் விழுகிறது. மூடிய பெட்டியில் என்னத்தை நிரூபிப்பது?

பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசி விரட்டினால், முதலில் விட்டுப்போவது கட்டையும் பட்டையுந்தான். ஆதலால் ஆலை முதலாளிகளை நாம் கேட்பது இரண்டு: கட்டும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள், விதிகளை ஆபீஸ் பீரோவில் ஆங்கிலத்தில் பூட்டிவைக்காமல், சரக்கேற்றும் மேடையில் தமிழில் எழுதி மாட்டுங்கள்.