வானத்துக்கும் வேலி வேண்டும்!



"வானத்துக்கு ஏது வேலி?" என்று நாம் கவிதை எழுதுகிறோம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது உண்மை இல்லை. உண்மையாக இருக்கவும் கூடாது என்பது என் கருத்து.

1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதின. 128 பேரும் இறந்தார்கள். அந்த இடத்து வானம் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. விமானிகளே கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும். வேலி இல்லாத வானம் என்றால் இதுதான்! 1958இல் விமானப் போக்குவரத்துக்குத் தனி அமைப்பையே சட்டம் போட்டு உருவாக்கினார்கள்.

இன்று அங்கே வானத்தை ஏ, பி, சி, டி, இ, ஜி என்று வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். விமானியின் வரைபடத்தில் மிகப் பெரிய விமான நிலையத்தைச் சுற்றி முழு நீலக்கோடு இருந்தால் பி வகுப்பு. முழுக் கோடு கருஞ்சிவப்பாக இருந்தால் சி. விட்டு விட்டுப் போட்ட நீலக்கோடு டி. ஏ வகுப்பு 18,000 அடியில்தான் தொடங்கும். அதற்குக் கோடே போடுவதில்லை.

கோட்டை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே பின்னம் மாதிரி எண் இருக்கும். மேலே 100, கீழே 30 என்றால் இரண்டு சைபர் சேர்த்துப் படிக்கணும். 3,000 அடி முதல் 10,000 அடி வரை என்று அர்த்தம். 2,500 அடியில் பறக்கிற சின்ன விமானம் கோட்டைத் தாண்டினாலும் அந்த வகுப்புக்குள் நுழையவில்லை. 3,500 அடியில் வந்தால் அனுமதி வாங்கியே ஆகணும்.

விமான நிலையத்துக்கு மேலே வேலி தரையிலிருந்தே தொடங்கும். தள்ளிப் போகப் போக அதன் அடிமட்டம் உயரும், கொலுப்படியைக் கவிழ்த்து வைத்த மாதிரி. ஏன்? இறங்குகிற விமானம் தூரத்தில் உயரமாகவும் கிட்டத்தில் தாழ்வாகவும் வரும். அதற்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சின்ன விமானங்களுக்கு விட்டுவிட்டார்கள். நியாயமான வேலி என்றால் இப்படித்தான் இருக்கணும்.

"வேலி இருந்தும் விபத்து நடக்குதே?" என்று கேட்கலாம். 1996 நவம்பர் 12 அன்று அரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்கச் சொன்ன விமானம் அதற்கும் கீழே இறங்கியது. எதிரே 14,000 அடியில் இன்னொன்று வந்துகொண்டிருந்தது. ஆகவே வேலி மட்டும் போதாது, அதைச் சரியாகக் கடைப்பிடிக்கவும் வேண்டும்.

நாம் வரைபடம் படிப்பது எப்படி? ஆற்றுக்கு நீலம், மலைக்குப் பழுப்பு அடித்து, மார்க் வாங்கியதும் மூடி வைத்துவிடுகிறோம். மாதம் ஒரு பாடவேளையாவது ஒரு வரைபடத்தை விரித்து, "இந்தக் கோடு ஏன் இங்கே இருக்கு? எவ்வளவு உயரத்துக்கு?" என்று கேட்டுப் படிக்க ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டுகிறேன்.

"விமானமே ஏறாத நமக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சிரிக்காதீங்க. நாளைக்கு நம்மில் ஒருத்தி அதை ஓட்டலாம். ஓட்டாவிட்டாலும், நம்மைச் சுற்றி யாராவது கோடு போட்டால் காரணம் கேட்கத் தெரியணும் இல்லையா?

சிந்திப்போம்!

– 9ஆம் வகுப்பு மாணவி