காற்றுவாக்கில் ஒரு கேரவன்

கேரவன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்டில் ஏ.சி. ஜில்லென்று ஓட, ஹீரோ உள்ளே டிபன் சாப்பிட, வெளியே நாற்பது பேர் வெயிலில் காத்திருப்பார்களே, அந்த வண்டிதானே? எனக்கு மாதாமாதம் 5-ம் தேதி ஞாபகம் வரும். அன்றைக்குத்தான் இ.எம்.ஐ.!

வண்டி என்னுடையது இல்லை, ஸார். என் சித்தப்பா மகனுடையது. ஜாமீன் கையெழுத்து மட்டும்தான் அடியேனுடையது. எங்கள் கீழ்பென்னாத்தூரில் பி.காம். படித்தவனுக்கு இரண்டு உத்தியோகம் தானாகவே தேடி வரும். ஒன்று, கல்யாண வீட்டில் மொய் எழுதுவது. இன்னொன்று, கடன் வாங்குகிறவனுக்கு ஜாமீன் போடுவது. முதலாவதில் சாப்பாடாவது கிடைக்கும்.

தம்பி வாங்கியது ஒரு பழைய வேன். பக்கத்தில் இருபது கிலோமீட்டரில் திருவண்ணாமலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் அலைமோதுகிறது. பேசாமல் ஆள் ஏற்றி இறக்கினால் நாலு காசு பார்க்கலாம். இவன் என்ன செய்தான்? இருந்த சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு பெர்த், ஒரு ஸிங்க், ஒரு காஸ் அடுப்பு என்று மாட்டினான்.

"கேரளாவுல 2021-லயே கவர்மென்ட்டே கேரவன் டூரிஸம் அறிவிச்சிட்டாங்கண்ணே. நாமதான் லேட்டு!"

எட்டு மாதத்தில் வந்த பார்ட்டிகள் மொத்தம் மூன்று. அதில் ஒருவர் எங்கள் மாமா. மாமாவிடம் வாடகை கேட்க முடியுமா? கேட்டான். பொண்ணு கொடுத்த வீட்டில் இப்படியா என்று மாமா இரண்டு மாதம் பேசவில்லை. தவணை மூன்று பாக்கி. வங்கியிலிருந்து போன் எனக்கு வர ஆரம்பித்தது. நான் ரகசியமாக ஒரு புரோக்கரைப் பிடித்து விலை பேசிவிட்டேன். தம்பியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான், 2025 பொங்கலுக்கு, அவன் பொள்ளாச்சி கிளம்பினான். பலூன் திருவிழா!

விஷயம் தெரியாதவர்களுக்கு: தமிழ்நாடு சர்வதேச பலூன் திருவிழா 2015-ல் ஆரம்பித்தது. பொங்கல் சீஸனில் வெளிநாட்டு பைலட்டுகள் வந்து பொள்ளாச்சியில் ராட்சத பலூன்களைப் பறக்கவிடுவார்கள். 2025-ல் சென்னை பக்கம் திருவிடந்தை, பொள்ளாச்சி, மதுரை என்று மூன்று இடத்தில் நடந்தது.

"அமெரிக்காவில ஆல்புகர்க்கின்னு ஒரு ஊருண்ணே. 1972-ல 13 பலூனோட ஆரம்பிச்சாங்க. இப்ப அக்டோபர்ல 500-க்கும் மேல பறக்குது. ஜனங்க ஆயிரக்கணக்குல கேரவன்லயே வந்து தங்குது. பலூனை மடிக்க, தூக்க எல்லாம் வாலண்டியருங்கதான். நம்ம வண்டிக்கு இதுதாண்ணே மார்க்கெட்!"

வழியில் சொல்லிவிடலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன். பொங்கலும் அதுவுமாக ஊரைவிட்டுப் போகிறேன் என்றதும் வீட்டுக்காரி பார்த்த பார்வை இருக்கிறதே... அதை வைத்தே ஒரு பலூனுக்குச் சூடேற்றலாம்.

செங்கம் தாண்டும்போது சொல்ல நினைத்தேன். அரூர் வந்தது. சேலம் வந்தது. ஒவ்வொரு டீக்கடையிலும் டீ உள்ளே போனதே தவிர வார்த்தை வெளியே வரவில்லை. பல்லடம் வழியாகப் பொள்ளாச்சியை எட்டும்போது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது, மீட்டரும் என் மனசும்.

ஊரே ஒரே பேச்சு. இங்கே கிளம்பிய ஒரு பலூன் காற்று இழுத்த பக்கம் போய், பாலக்காடு மாவட்டத்தில் ஒரு வயலில் இறங்கியதாம். டிக்கெட் இல்லாமல் கேரளா போன பலூன்! காரணம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற பெரிய இடைவெளி அது. ஆடி மாதத்தில் கேரளக் காற்று அந்த வழியாக நம் பக்கம் வரும். தை மாதத்தில் நம் காற்று அந்தப் பக்கம் போகும். காற்றுக்கு ஏது செக்போஸ்ட்?

மறுநாள் விடியற்காலை மைதானம். வெயில் ஏறினால் காற்று முரண்டு பிடிக்கும் என்பதால் எல்லாம் சூரியன் உதிக்கிற நேரத்தில்தான். துணியைத் தரையில் விரித்து, பெரிய ஃபேனால் முதலில் சாதாரணக் காற்றை ஊதுகிறார்கள். பாதி உப்பியதும் பர்னர். கல்யாணச் சமையல்காரர் அடுப்பை நூறால் பெருக்கிக் கொள்ளுங்கள். "புஸ்ஸ்ஸ்" என்று ஒரு தீ நாக்கு! உள்ளே காற்று சூடாக ஆக லேசாகி, படுத்திருந்த பூதம் மெள்ள எழுந்து நிற்கிறது. கூடை இன்னும் பிரம்பில்தான். தரையில் மோதும்போது பிரம்பு வளைந்து கொடுக்குமாம். ஸ்டியரிங் கிடையாது. ஒவ்வொரு உயரத்தில் காற்று ஒவ்வொரு திசையில் போகும். பைலட் ஏறி இறங்கி, தனக்கு வேண்டிய காற்றைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

மஞ்சள் பலூன் ஒன்று தென்னந்தோப்புகளுக்கு மேலே நகர்ந்தது. தம்பி வண்டியைக் கிளப்பிவிட்டான். "துரத்தலாம்ணே!"

அரை மணி நேரம் மேலே பார்த்தபடியே ஓட்டினான். நான் கீழே பார்த்தபடியே முருகனைக் கூப்பிட்டேன். கடைசியில் இரண்டு தோப்புக்கு நடுவே அறுவடை முடிந்த ஒரு காட்டில் பலூன் உட்கார்ந்தது. பின்னாலேயே வந்த அவர்களுடைய ஜீப் இட்டேரிச் சேற்றில் சிக்கிக்கொண்டது. எங்கள் கேரவன் கயிறு கட்டி இழுத்தது. எட்டு மாதத்தில் அது செய்த முதல் உருப்படியான காரியம்!

1783-ல் பிரான்ஸில் சார்ல்ஸ் என்பவர் விட்ட ஆளில்லாத பலூன் கோனெஸ் கிராமத்தில் இறங்கியபோது, ஜனங்கள் பிசாசு என்று பயந்து குத்திக் கிழித்துவிட்டார்களாம். இங்கே காட்டுக்காரம்மா சொம்பில் மோர் கொண்டுவந்தார். "ஏனுங்க, அந்தத் தம்பி வெறும் வயித்தோட மேல சுத்துறாரே, ரெண்டு பொங்கல் சாப்பிடுவாருங்களா?"

பிறகு வாலண்டியர் வேலை. துணியை நீளவாக்கில் இழுத்து, உள்ளே இருக்கிற காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, சுருட்டிப் பையில் திணிக்க வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். ஊர்ப் பிள்ளைகள் அதன்மேல் விழுந்து புரள, நான் என் தொப்பையோடு படுத்து என் பங்குக்குக் காற்றை வெளியேற்றினேன். (பலூன் காற்றைத்தான்!)

வெள்ளைக்கார பைலட் காஸ் சிலிண்டரை மூடும்போது முள்ளைப் பார்த்தேன். இன்னும் கால் பங்கு இருந்தது. கணக்குப் படித்த புத்தி சும்மா இருக்குமா? "ஸார், காஸ் பேலன்ஸ். ஒய் லேண்டிங்?" என்றேன்.

அவர் சிரித்தார். காஸ் இருக்கும்போதுதான் இறங்குகிற இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியும், தீர்ந்துவிட்டால் அது நம்மைத் தேர்ந்தெடுக்கும் என்கிற மாதிரி இங்கிலீஷில் சொன்னார். தம்பி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கு ராத்திரி வண்டியில் படுத்திருந்தோம். மேல் பெர்த்திலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, வண்டிய விக்கச் சொல்லத்தானே வந்தே?"

தூக்கிவாரிப் போட்டது. "எப்படிடா தெரியும்?"

"செங்கத்துல டீசலுக்கு நீயே பர்ஸை எடுத்தியே. பொறந்ததுலேருந்து அப்படி ஒரு காட்சிய நான் பார்த்ததில்ல."

நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்: "நம்மகிட்ட எவ்வளவு காஸ் இருக்குண்ணே?"

எழுந்து லைட்டைப் போட்டேன். டீசல் பில்லின் பின்பக்கத்திலேயே கணக்கு எழுதினேன். கடன் இவ்வளவு, பாக்கி இவ்வளவு, சித்தி நகையை அடகு வைத்தால் இவ்வளவு. நகைக் கணக்கை அவன் அடிக்கச் சொன்னான். அடித்தேன். மீதி, நாலு மாதத்துக்கு வந்தது.

"சித்ரா பௌர்ணமி வரைக்கும் பார்க்கிறேன். மாசம் நாலு பார்ட்டி வரலைன்னா சீட்டைத் திரும்பப் போட்டுடறேன். விக்க வேணாம்ணே."

புரோக்கருக்குப் போன் பண்ணி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாலு பார்ட்டி வரவில்லை, ஸார். மாசத்துக்கு இரண்டைத் தாண்டவில்லை. சித்ரா பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்னால், நான் கேட்காமலேயே, அவனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினான். பெர்த் இரண்டையும் கழற்றும்போது நான் உதவிக்குப் போகவில்லை. சில வேலைகளில் வாலண்டியர் கூடாது.

ஸிங்க் மட்டும் இருக்கிறது. கிரிவலம் முடிந்து வருகிறவர்கள் முகம் கழுவிக்கொள்கிறார்கள். அந்த வசதி வேறு எந்த வேனில் உண்டு? மாமாகூட இப்போது குடும்பத்தோடு அதில்தான் போகிறார். காசு கொடுத்து!

போன 5-ம் தேதி வந்ததும் போனதும் எனக்கு ஞாபகமே இல்லை.