மொட்டைத் தலை வைத்தியம்

"கிளட்ச் பிளேட்தானே, நானே மாத்திடறேன்!" என்று வீட்டில் சவடால் விட்டிருக்கக் கூடாது. அப்பா விட்டுப்போன யமஹா ஆர்.எக்ஸ். 100. 1991 மாடல். வலது பக்க மூடியைக் கழற்ற வேண்டும். மற்ற ஸ்க்ரூ எல்லாம் சமர்த்தாக வந்தன. ஒன்று மட்டும் அடம். திருப்புளி வழுக்கி வழுக்கி, நட்சத்திரப் பள்ளம் கிண்ணமாகிவிட்டது!

திற்பரப்பில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். இரும்பு ஸ்க்ரூவும் அலுமினியமும் ஈரத்தில் குடித்தனம் நடத்தினால் அரித்துப் பிடித்துக்கொள்ளாதா?

மெக்கானிக் அண்ணாச்சி வந்து தலையைப் பார்த்தார். (ஸ்க்ரூவின் தலையை!)

"சாரே, இது ஜப்பான்காரன் பள்ளம். நீங்க போட்டது பிலிப்ஸ் திருப்புளி. அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒத்துப்போகாது."

1930-களில் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் பரப்பிய பள்ளம் வேறு, ஜப்பானின் ஜே.ஐ.எஸ். பள்ளம் வேறாம். இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய எனக்குத் தெரியாது!

துரு எண்ணெய் விட்டு, சுத்தியலால் தலையில் நாலு தட்டு. டீ குடிக்கும் நேரம் பொறுத்தார். அடித்தால் சுற்றும் இம்பாக்ட் திருப்புளி போட்டார். பள்ளமே இல்லையே, எதைப் பிடிக்கும்? கடைசியில் தலையின் ஓரத்தில் சிற்றுளியைச் சாய்த்து வைத்து, இடஞ்சுழியாகத் தட்டினார். உளி வழுக்கினால் அப்பாவின் மூடி காலி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டக்... டக்... "அசஞ்சிட்டு சாரே!"

எல்லா இடத்திலும் கிரீஸ் தடவி ஆலன் போல்ட் மாட்டினார். "இனி நீங்களே கழத்தலாம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "வேண்டாம் அண்ணாச்சி, அடுத்த தடவைக்கும் கூலியை இப்பவே வாங்கிட்டுப் போங்க!"