பேட்டி என்ற பெயரில் விளம்பரம்

செங்கல்பட்டு மாவட்டம் பம்மலில், 2024 ஏப்ரலில் உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. விசாரணை நடந்தது, அந்தத் தனியார் மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, சில நாட்களில் செய்தி அடங்கிவிட்டது. என்னால் அதைக் கடந்துபோக முடியவில்லை. 2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயது நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்க சிகிச்சையில் இறந்தார். 2015-இல் இறந்த ‘பம்பரக் கண்ணாலே’ பட நடிகை ஆர்த்தி அகர்வாலும் சில வாரங்களுக்கு முன் அதே சிகிச்சையைச் செய்துகொண்டவர்; வயது 31. நடிகை சற்றுப் பூசினாற்போலத் தெரிந்தாலே படம் போட்டுக் கேலி செய்பவர்கள்தான் அவர் இறந்ததும் அஞ்சலி எழுதுகிறார்கள். மாமல்லபுரம் கடற்கரையில் செல்ஃபி எடுக்கும் பள்ளிப் பெண்கூட ஃபில்டரில் மூக்கைச் சுருக்கிய பிறகே படத்தைப் பகிர்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்; அந்த ஆசையை வைத்து ஆள் பிடிக்கும் மருத்துவர்களைத்தான் கேட்க வேண்டும். விளம்பரம் செய்து நோயாளிகளை ஈர்க்கக் கூடாது என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. ஆனால் யூடியூபில் மருத்துவர்களின் ‘பேட்டி’ என்ற பெயரில் அந்த விளம்பரம்தான் நடக்கிறது. ஆபத்தைச் சொல்லாமல் அழகை மட்டும் விற்கும் அத்தகைய பேட்டிகளையும் விளம்பரமாகவே கருதி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் நடவடிக்கை எடுக்க வேண்டும்.