பிள்ளை மாற்றமும் "கலாச்சார" மரியாதையும்

ஹைஸ்கூலில் படிக்கும் பிள்ளைகளை ஒரு வருஷத்துக்கு அந்நிய தேசத்துக்கு அனுப்பி, அங்கே முன்பின் அறியாத ஒரு குடும்பத்தில் அந்த வீட்டுப் பிள்ளையைப் போலவே இருந்து, அவர்கள் உண்பதை உண்டு, அவ்வூர்ப் பள்ளிக்கூடத்திலேயே படித்துத் திரும்பும்படி செய்கிற ஏற்பாடு ஒன்று உலகத்தில் நடந்து வருகிறது. நம் நாட்டிலும் வசதியுள்ள குடும்பங்கள் சில இதில் பிரவேசித்திருக்கின்றன. இது நல்லதா கெட்டதா என்று நம்மைக் கேட்டால், நல்லது என்றுதான் சொல்லுவோம். ஆனால் இதன் பேரால் நம் நாட்டுக் கனவான்கள் சிலர் நடத்துகிற புரட்டு ஒன்று நம் கவனத்துக்கு வந்திருக்கிறபடியால், அதைப் பற்றி எழுதவேண்டியது அவசியமாகிவிட்டது.

இந்த ஏற்பாட்டை உண்டாக்கினவர்கள் யார்? மகான்களா, மடாதிபதிகளா? இல்லை. வண்டியோட்டிகள். 1914ல் முதல் அய்ரோப்பிய யுத்தம் மூண்டபோது பாரிசிலிருந்த அமெரிக்க ஆஸ்பத்திரிக்காக, காயம்பட்ட சிப்பாய்களை மோட்டார் வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோகும் வேலையை அமெரிக்க வாலிபர்கள் சிலர் தாமாகவே மேற்கொண்டார்கள். 1915ல் அது 'அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்' என்ற ஸ்தாபனமாயிற்று. இரண்டாவது யுத்தத்திலும் அதே வேலையைச் செய்தார்கள். ரத்தம் ஒழுகும் உடம்புகளை இரண்டு யுத்தத்திலும் தூக்கிப் பார்த்த இவர்களுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. ஒருவனைச் சுடுவதற்கு முன் அவன் வீட்டில் நாம் ஒரு வருஷம் சாப்பிட்டிருந்தால் சுட மனம் வருமா என்பதுதான் அந்த யோசனை. ஸ்டீபன் கலாட்டி என்பவர் தலைமையில் அவர்கள் கூடி, 1947ல் 10 தேசங்களிலிருந்து 52 மாணவர்களை அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். 1951ல், ஆறு வருஷத்துக்கு முன்வரை சத்துருவாயிருந்த ஜெர்மனியிலிருந்து 75 பிள்ளைகள் மிச்சிகன் மாகாணத்துக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். தன் பிள்ளையை ஜெர்மன் குண்டுக்குப் பறிகொடுத்தவர்கள் இருந்த தெருக்களில் ஜெர்மன் பிள்ளை ரொட்டி தின்று வளர்ந்தான் என்றால் அது சாமான்யமான சங்கதியா?

இந்த மிச்சிகன் வேலையில் பாதிரிமார்களின் சர்ச்சுச் சபைகளும் சம்பந்தப்பட்டிருந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. உள்ளதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை. ஆனால் இரண்டு யுத்தத்திலும் இரண்டு பக்கத்துப் பாதிரிகளும் ஒரே கடவுளிடத்தில் ஜெயம் கேட்டு ஜெபம் செய்துவந்தார்கள் என்பதும் உள்ளதுதான். ஜெபத்தினால் ஆகாத காரியம் ஒரு தட்டு சோற்றினால் ஆயிற்று.

அந்தத் தட்டுக்குக் கூலி உண்டா என்றால் அதுவும் கிடையாது. அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கிற குடும்பத்துக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்பது சர்க்கார் விதி. வருமான வரிக் கணக்கில் மாதத்துக்கு 50 டாலர் தர்மச் செலவாகக் காட்டிக் கழித்துக் கொள்ளலாம், அவ்வளவுதான். 15 வயதுக்கு மேல் பதினெட்டரை வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளை அந்தப் பணத்துக்கு எத்தனை நாள் தின்னும் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் கணக்குப் பார்த்துக் கொள்ளட்டும். நம் நாட்டிலோ "லோகமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சமஸ்கிருதத்தில் சொல்லுவதற்கே தட்சணை வைக்கவேண்டியிருக்கிறது.

ஆனால் இதைச் சொல்லுவதால் நாம் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. சர்க்கார்கள் இதில் பணம் போடுவது அன்பினால் அல்ல. சோவியத் தேசம் உடைந்த பிறகு அந்த நாட்டுப் பிள்ளைகளை அழைக்க 1992ல் அமெரிக்க சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. 2001ல் நியூயார்க் கட்டடங்கள் இடிக்கப்பட்ட பிறகு, முஸ்லீம்கள் பெருவாரியாய் வசிக்கும் நாடுகளிலிருந்து பிள்ளைகளை அழைக்க 2002ல் மற்றொன்று ஏற்பட்டது. அதில் இந்தியாவும் சேர்ந்தது. முந்திய திட்டத்திலிருந்து ருஷ்ய சர்க்கார் 2014ல், பிள்ளை ஒருவன் திரும்பி வராமல் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டான் என்பதைச் சொல்லி விலகிக்கொண்டது. பிள்ளைகள் சிநேகிதம் செய்யட்டும் என்று திறப்பவர்களும் அரசியல்காரர்கள், வேண்டாமென்று மூடுகிறவர்களும் அரசியல்காரர்கள்.

அப்படியே, நல்ல காரியம் என்று பெயர் சூட்டிவிட்டால் அதற்குள் அயோக்கியத்தனம் நுழையாது என்பதும் இல்லை. பென்சில்வேனியா மாகாணத்தில் ஸ்கிராண்டன் என்ற நகரத்தில் 2009ல் பார்த்தபோது, இப்படி வந்த பிள்ளைகள் சிலர் தகாத வீடுகளில், சரியான சோறில்லாமல், இளைத்துப்போய்க் கிடந்தார்கள். அவர்களுடைய தாய் தகப்பன்மார் ஆயிரக்கணக்கில் டாலர் கட்டி அனுப்பியிருந்தார்கள். அதன் பிறகுதான் விதிகள் இறுகின. சொந்தக்காரர் அல்லாதவர்களிடத்தில் நற்சாட்சி வாங்கவேண்டும், வீட்டின் வெளிப்புறம், சமையலறை, பிள்ளை படுக்கும் அறை, குளிக்கும் அறை எல்லாவற்றையும் படம் பிடித்து வைக்கவேண்டும் என்று 2010ல் ஏற்பட்டது. பார்த்தீர்களா? "நல்லெண்ணம்" என்று மந்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தவரையில் பிள்ளை பட்டினி கிடந்தது. சோதித்துப் பார்ப்பது என்று வந்த பிறகே பந்தோபஸ்து வந்தது.

நிற்க. நாம் சொல்லவந்த புரட்டுக்கு வருவோம்.

இந்தப் பிள்ளைகளைப் புறப்படுமுன் கூட்டிவைத்து ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். போகிற வீட்டில் நீ காண்பது நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல, வேறு மாதிரி, அவ்வளவுதான் என்பது அந்தப் பாடம். சாப்பாட்டு விஷயத்துக்கு இது தங்கமான புத்தி. ஒருவன் கையினால் தின்கிறான், ஒருவன் முள்ளினால் தின்கிறான். ஒருவன் காலையில் குளிக்கிறான், ஒருவன் இரவில் குளிக்கிறான். ஒரு வீட்டில் ஆறு மணிக்கே ராச்சாப்பாடு, ஒரு வீட்டில் பத்து மணிக்கு. இதிலெல்லாம் என் வழக்கம்தான் உசத்தி என்று சண்டை போடுகிறவன் மூடனே. ஆனால் இதே பாடத்தை எடுத்து எதன்மேல் போர்த்துகிறார்கள் என்பதுதான் நம் ஆட்சேபணை.

தென் ஜில்லா ஒன்றில் ஒரு நகரம். அங்கே பெரிய வியாபாரி ஒருவர் தம் பையனை இந்த ஏற்பாட்டில் அந்நிய நாட்டுக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பதிலாகத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த 16 வயதுப் பெண் ஒருத்தியைத் தம் வீட்டில் வைத்துக் கொண்டார். நம் தோழர் ஒருவர் அந்தப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்து வந்தவர். அவர் நேரில் கண்டதைத்தான் எழுதுகிறோம். வீட்டம்மாள் அந்தப் பெண்ணுக்குத் தலைவாரிப் பூ வைத்தார். பட்டுப்பாவாடை தைத்துப் போட்டார். உண்மையான பிரியந்தான், அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஒருநாள் கொல்லைப்புறத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்ய வந்த ஆதிதிராவிடத் தோழியர் ஒருவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். வழக்கம்போல அவர் இரண்டு கையையும் குவித்துக் குனிய, வேலைக்காரி தூர நின்று சொம்பை உயர்த்தி ஊற்றப் போனாள். அந்தப் பெண் ஓடிப்போய்த் தான் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து அந்த அம்மையார் கையில் கொடுத்துவிட்டது. வீட்டம்மாள் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, "அந்த டம்ளரை நீயே வைத்துக்கொள்" என்று அந்த வேலைக்கார அம்மையாரிடம் சொல்லிவிட்டார். பெண்ணுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. எவ்வளவு தாராளமான அம்மாள், பாத்திரத்தையே இனாமாகக் கொடுத்துவிட்டாரே என்று நம் தோழரிடத்தில் வந்து சொல்லிச் சொல்லி மகிழ்ந்ததாம்.

அடுத்த வாரம் பார்த்தால், அந்த டம்ளர் கொல்லைச் சுவர்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. மறுபடியும் அந்த அம்மையார் வந்தபோது, தாமே அதை எடுத்து நீட்ட, தூர நின்று அதில் ஊற்றுகிறார்கள். குடித்துவிட்டுத் தாமே கழுவிச் சுவர்மேல் கவிழ்த்துவிட்டுப் போகிறார். அப்போதுதான் பெண்ணுக்கு விளங்கிற்று. அன்றிரவு சாப்பிடும்போது எல்லோர் முன்னிலையிலும், "நான் குடிக்கும் பாத்திரம் உள்ளே இருக்கிறது, அவர்கள் குடிக்கும் பாத்திரம் வெளியே இருக்கிறது, ஏன்?" என்று கேட்டுவிட்டது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் சங்கத்துக் கனவான் ஒருவர் காரில் வந்து இறங்கினார். பெண்ணை உட்கார வைத்து, "நீ விருந்தாளி. எங்கள் கலாச்சாரத்துக்கு மரியாதை கொடுக்கவேண்டும். நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல, வேறு மாதிரி என்று உனக்குச் சொல்லித்தரவில்லையா?" என்றாராம். பத்து நாளில் அந்தப் பெண்ணை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

தோழர்களே! இந்தப் பெண் பன்றியும் மாடும் தின்று வளர்ந்த பெண். அவள் வீட்டுக்குள் நுழையலாம், அடுப்பங்கரையில் நிற்கலாம், அம்மாள் கையால் பூ வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டுச் சாக்கடையைச் சுத்தம் செய்து அவர்களைக் காலராவிலிருந்து காப்பாற்றுகிறவர் ஒரு டம்ளரைத் தொட்டால் அந்த டம்ளர் சுவர்மேல் ஏறவேண்டும். இது எந்த ஆகமத்து ஆசாரம்? தொட்டால் தீட்டு என்பது மெய்யானால் கடல் கடந்து வந்தவள் தொட்டதற்கு ஏன் தீட்டு இல்லை? 1888ல் காந்தியார் சீமைக்குக் கப்பலேறியபோது அவர் ஜாதித் தலைவர் அவரை ஜாதியைவிட்டு நீக்கி, அவரை வழியனுப்பப் போகிறவனுக்கு ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்று உத்திரவு போட்டார். அன்றைக்குக் கடல் கடப்பதே பாவம். இன்றைக்கு அந்தப் பாவம் எங்கே போயிற்று? பிள்ளைக்கு லாபம் என்றதும் காற்றாய்ப் பறந்துவிட்டது. லாபமில்லாத இடத்தில் மட்டும் அது "கலாச்சாரம்" ஆகிக் கொல்லைச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. இதே வியாபாரியின் பையன் அப்போது அந்நிய நாட்டில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் இருந்தான். அந்தக் குடும்பத்தார் எங்கள் வழக்கம் என்று சொல்லி இவனுக்கு ஒரு தனி டம்ளரைத் தோட்டத்துச் சுவர்மேல் கவிழ்த்து வைத்திருந்தால், "வேறு மாதிரி, அவ்வளவுதான்" என்று இந்தக் கனவான் சும்மா இருந்திருப்பாரா? பத்திரிகைக்கு எழுதியிருக்க மாட்டாரா? நிறத்திமிர் என்று கூச்சல் போட்டிருக்க மாட்டாரா? போடவேண்டியதுதான். நாமும் கூடச் சேர்ந்து போட்டிருப்போம்.

விருந்தாளி வீட்டுக்காரனைக் குறை சொன்னால் சிநேகிதம் கெட்டுப்போகும் என்கிறார்கள். அப்படியா? ஜப்பானில் நாகோயா நகரத்திலிருந்து இப்படி அமெரிக்காவுக்குப் போன 16 வயதுப் பையன் ஒருவன், 1992 அக்டோபரில் லூசியானா மாகாணத்து பேட்டன் ரூஜ் நகரத்தில், ஒரு கொண்டாட்டத்துக்குப் போகும்போது வீடு தெரியாமல் வேறொரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டான். வீட்டுக்காரன் துப்பாக்கியோடு வந்து அசையாதே என்றான். பையனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. சுட்டுவிட்டான், பையன் செத்தான். 1993ல் ஜூரிகள் சுட்டவனைக் குற்றவாளியல்ல என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பையனுடைய தாயும் தகப்பனும் என்ன செய்தார்கள்? அமெரிக்கர்கள் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அவர்கள் கலாச்சாரம், மரியாதை கொடுப்போம் என்று இருந்தார்களா? ஜப்பானில் 17 லட்சம் பேரிடம் கையெழுத்து வாங்கி, வீடுகளிலிருந்து துப்பாக்கியை எடுங்கள் என்று அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனிடத்திலேயே போய்க் கேட்டார்கள். கேட்டவர்கள் அமெரிக்கரை வெறுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. மகன் பேரால் ஒரு நிதி ஏற்படுத்தி, அமெரிக்க ஹைஸ்கூல் பிள்ளைகளை ஜப்பானுக்கு அழைத்து ஜப்பானியர் வீடுகளில் இருக்கச் செய்தார்கள். குறையும் சொன்னார்கள், பிள்ளையையும் அழைத்தார்கள். இதற்குப் பெயர்தான் சிநேகிதம்.

2018 மே மாதத்தில் டெக்சாஸ் மாகாணத்து சாண்டா ஃபே பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவன் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றபோது செத்தவர்களில் கராச்சியிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணும் உண்டு. அவளை வைத்திருந்த குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். அது ரம்ஜான் காலம். அவள் தனியாகப் பட்டினி இருக்கக்கூடாது என்று அந்தக் குடும்பத்தாரும் கூடவே நோன்பு இருந்துவந்தார்களாம். நோன்பினால் கடவுள் இரங்குவார் என்பதில் நமக்குக் கடுகளவும் நம்பிக்கையில்லை. ஆனாலும் இதைப் படித்தபோது நாம் சிறிது நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். ஒரு பிள்ளைக்காகத் தம் வயிற்றை மாற்றிக்கொண்ட அந்தக் குடும்பம் எங்கே, ஒரு டம்ளருக்காகப் பிள்ளையையே மாற்றின நம் கனவான்கள் எங்கே?

தீண்டாமை ஒழிந்தது என்று நம் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு 1950லிருந்து சொல்லிக்கொண்டு இருக்கிறது. சட்டத்துக்கு விரோதமான ஒரு காரியத்தை, பரதேசத்துப் பெண்ணுக்கு எங்கள் கலாச்சாரம் என்று கற்றுக்கொடுக்க அந்தக் கனவானுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

அடுத்த வருஷத்துக்கும் அந்த ஊரில் பிள்ளைகள் வரப்போகிறதாகவும், வீடு கொடுக்கிறவர்கள் மனு எழுதிக் கொடுக்கவேண்டும் என்றும் சொல்லுகிறார்கள். அந்த மனுக் காகிதத்தை நம் தோழர் கொண்டுவந்து காட்டினார். நாய் உண்டா, சுருட்டுப் பிடிப்பவர் உண்டா, மாமிசம் சமைப்பதுண்டா என்றெல்லாம் அதில் கேட்டிருக்கிறது. கொல்லைச் சுவர்மேல் டம்ளர் உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியையும் சேர்த்து அச்சடிக்கும்படி அந்தச் சங்கத்துக்கு நாம் எழுதியிருக்கிறோம். பதில் வந்தால் பிரசுரிப்போம். அந்தப் பெண்ணை இப்போது வைத்திருப்பது ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு தோழர் வீடு. இரண்டே அறை, பட்டுப்பாவாடை கிடையாது. எல்லோருக்கும் டம்ளர்கள் ஒரே பலகையில் இருக்கின்றன என்று அந்தப் பெண் தன் தாய்க்குக் கடிதம் எழுதியிருக்கிறதாம்.