விழுந்த மரம் விறகு அல்ல

பேத்துப்பாறை இப்போது யூடியூப்காரர்களின் செல்லப்பிள்ளை. ஏரிப் பக்கம் கூட்டம் தாங்கவில்லை என்று "யாருக்கும் தெரியாத இடம்" தேடி அஞ்சுவீடு ரோட்டில் இறங்கிவிடுகிறார்கள். (அத்தனை பேர் பார்த்த வீடியோவில் வந்தபிறகு அது எப்படி யாருக்கும் தெரியாத இடம் என்று கேட்கக்கூடாது!) ஒரு டென்ட், ராத்திரி கேம்ப்ஃபயர், காலையில் செல்ஃபி.

அமைதியைத் தேடிப் போவது தப்பா? இல்லைதான். ஆனால் அந்த நெருப்புக்கு விறகு எங்கிருந்து வருகிறது?

2018 நவம்பர் 16 நினைவிருக்கிறதா? வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா, டெல்டாவின் தென்னைகளோடு நிற்கவில்லை. வலுவிழந்தபடியே மேற்கே வந்து கொடைக்கானல் மலையையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போனது. ரோட்டுக்குக் குறுக்கே மரங்கள், கரண்ட் இல்லை, மண்சரிவு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரத்துக்கு வேர் ஆழம் போகாது. நனைந்த சரிவில் காற்று தள்ளினால் அப்படியே பெயர்ந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த அந்நிய மரங்களின் நிழலிலேயே சோலைக்காட்டுக் கன்றுகள் தானாக முளைத்து வருவதை வட்டக்கானலில் பல வருடம் உழைத்த பாப் ஸ்டூவர்ட்டும் டான்யா பால்கரும் எடுத்துச் சொன்னார்கள். அதாவது பெரிய மரம் சாய்ந்த இடத்தில் அடுத்த காடு ஏற்கெனவே முழங்கால் உயரத்தில் நின்றுகொண்டிருக்கலாம். மட்கும் தண்டு அதற்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும். காளானுக்கும் வண்டுப்புழுவுக்கும் அதுதான் சாப்பாடு. அங்கே "நல்ல சமதளமா இருக்கே" என்று டென்ட் அடித்தால் கன்று காலி, தண்டும் சாம்பல். காலியான மண்ணுக்கு முதலில் வந்து சேர்வது உண்ணிச்செடி!

யானை விஷயம் தனி. பேத்துப்பாறைத் தோட்டக்காரர்களுக்கு அது வருடாவருடம் வரும் தலைவலி. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட்டில் தங்கிய பெண்ணை யானை கொன்றது. துணிச்சுவர் யானைக்கு எம்மாத்திரம்?

ஊரில் வீட்டோடு சேர்ந்த அனுமதி பெற்ற தங்குமிடம் இருந்தால் அங்கே தங்கலாம். காசு ஊருக்குள்ளேயே போகும். பகலில் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வனத்துறை அனுமதித்த பாதையில் நடக்கலாம். குளிருக்கு நெருப்புதான் வேண்டுமென்பவர்கள் ஒரு கம்பளி கூடுதலாகக் கொண்டுபோகட்டும். 2024 மே முதல் மலையேற இ-பாஸ் கேட்கிறார்கள், அதையும் மறக்கவேண்டாம்.